புதுச் சுவரில் பெயிண்ட் ஏன் கொப்புளிக்கிறது? உரிந்த துண்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சுவர் பூசிய மூன்றாவது வாரத்தில் பட்டி (நுண்குழிகளை அடைக்கும் மெல்லிய மாவுப் பூச்சு) பார்த்து, பிரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிப்பது) ஒரு கோட், எமல்ஷன் (தண்ணீர் கலக்கும் பெயிண்ட்) இரண்டு கோட் அடித்திருக்கிறார்கள். இரண்டு மாதம் போவதற்குள் இடுப்பு உயரத்துக்குக் கீழே காசு அளவில் கொப்புளங்கள் கிளம்பியிருக்கின்றன. நகத்தால் நெம்பினால் பெயிண்ட் தாளாக உரிந்து வருகிறது, உரிந்த இடத்தில் வெள்ளைத் தூள். பெயிண்டர் கொத்தனாரைக் கைகாட்டுகிறார், கொத்தனார் பெயிண்டைக் குறை சொல்கிறார், மூன்றாவதாக ஒருவர் மேலே வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எந்தப் பெயிண்ட் வாங்கினால் நிற்கும், சுவர் முழுக்கச் சுரண்ட வேண்டுமா, தவறு யார் மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் தீர வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பெயிண்டைச் சுவரிலிருந்து தள்ளியது ஈரமா, உப்பா, தூசியா? எவ்வளவு சுரண்ட வேண்டும், எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது உரிந்துகொண்டிருக்கும் பெயிண்டின் மேல் எதை அடித்தாலும் நிற்காது. உயர்ந்த ரகப் பெயிண்ட் ஆனாலும் சரி, டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி. புது கோட் காயும்போது சுருங்கும். சுருங்கும்போது கீழே இருக்கும் கோட்டைப் பிடித்து இழுக்கும். கீழே இருப்பது ஏற்கெனவே பிடி தளர்ந்திருந்தால் அந்த இழுப்பே அதைக் கழற்றிவிடும். அதுவரை ஒழுங்காக ஒட்டியிருந்த இடமும் சேர்ந்து வந்துவிடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கட்டட முடிப்பு வேலைகளிலேயே காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயிண்டின் தரத்தால் மட்டுமே ஒரு புதுச் சுவர் உரிந்தது என்று நான் ஒப்புக்கொண்ட சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே காரியம் கெட்டுப்போயிருக்கும்.

சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் உரிந்த துண்டைப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை உடையாமல் உரித்தெடுத்து, வெளிச்சத்தில் பின்பக்கத்தைத் திருப்பிப் பிடியுங்கள். எந்த இரண்டு அடுக்குக்கு நடுவில் பிரிந்தது என்பது அங்கே தெரியும். பின்பக்கம் வழவழப்பாகச் சுத்தமாக இருந்து, சுவரில் பட்டியும் கெட்டியாக இருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் பிடிப்பே உண்டாகவில்லை. பிரைமர் விடுபட்டிருக்கலாம், தண்ணீர் அதிகம் கலந்த பிரைமராக இருக்கலாம், பட்டி கண்ணாடி போல மழமழவென்று தேய்க்கப்பட்டிருக்கலாம். பின்பக்கம் முழுக்க ஒரே சீராக மாவு படிந்து விரலில் ஒட்டினால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூசியைத் துடைக்காமலே பிரைமர் அடித்திருக்கிறார்கள், அல்லது பட்டியே இறுகவில்லை. பட்டி மொத்தமும் பெயிண்டோடு பெயர்ந்து சாம்பல் நிறப் பூச்சு தெரிந்தால், பிரிந்த இடம் பட்டிக்கும் பூச்சுக்கும் நடுவில். மணல் துகள்களும் கூடவே வந்தால் பூச்சின் மேல்தோல் பலவீனமாக இருக்கிறது, அது பெயிண்டரின் பிரச்சினையே அல்ல.

தூள் எப்படிக் கிடக்கிறது என்பதையும் கவனியுங்கள். பட்டித் தூசி எங்கும் பரவலாக இருக்கும். உப்பு திட்டுத்திட்டாக, ஓரங்களில் கோடு கட்டி, சில சமயம் மெல்லிய ஊசிகளாகப் புசுபுசுவென்று பூத்திருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சிட்டிகையைக் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். கரைந்து தெளிந்துவிட்டால் உப்பு. அடியில் மண்டியாகத் தங்கினால் பெரும்பாலும் பட்டி அல்லது சுண்ணாம்புப் படிவு. எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள். சுண்ணாம்புப் படிவும் நுரைக்கும், பட்டியில் இருக்கும் கல்மாவும் நுரைக்கும் என்பதால் அந்தச் சோதனை இங்கே உதவாது. கொப்புளம் உடையாமல் இருந்தால் ஒன்றை பிளேடால் கீறிப் பாருங்கள். உள்ளே துளி நீர் கசிந்தாலோ, சுவர் கறுத்துக் குளிர்ந்திருந்தாலோ ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கொப்புளத்துக்கு அடியில் சுவர் தெரியாமல் இன்னொரு பெயிண்ட் கோட்டே தெரிந்தால் கதை வேறு. முதல் கோட் காய்வதற்குள் அடுத்ததை அடித்திருக்கிறார்கள், அல்லது வெயில் சுட்டெரிக்கும் சுவரில் அடித்திருக்கிறார்கள்.

ரோலர் உருட்டும்போது வரும் பொடிப்பொடியான குமிழி இந்தக் கணக்கில் சேராது. அது காற்று, காய்ந்ததும் அடங்கிவிடும். பட்டியின் மேல் புது கோட் ஈரமாக இருக்கும்போது சில இடம் மெலிதாக எழும்பி, காய்ந்ததும் தானே படிந்துவிடுவதும் உண்டு. அதைக் குத்தி உடைக்காமல் ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். உங்களுடையது மாதக்கணக்கில் நிற்கும் கொப்புளம் என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

மூன்று வாரம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான் விழுந்தது. சிமெண்ட் பூச்சு இறுகுவதும் காய்வதும் ஒன்றல்ல. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது, அதற்காகத்தான் பூசிய பின் குறைந்தது 7 நாளாவது தண்ணீர் விட்டு நனைக்கிறோம். அந்த நாட்களில் சுவர் காயவே இல்லை, மேலும் மேலும் தண்ணீரைத்தான் குடித்தது. நனைப்பதை நிறுத்திய பிறகுதான் காயும் கணக்கு தொடங்குகிறது. உங்கள் சுவருக்குக் காய்வதற்குக் கிடைத்தது இரண்டு வாரம்கூட இருக்காது. பலரும் சொல்லும் 28 நாள் என்பது கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க வைத்திருக்கும் வழக்கமான வயது. அதைச் சுவர் காய்ந்ததற்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்வது நம்மிடையே பரவிவிட்ட பழக்கம். நல்ல காற்றோட்டத்தில் பூச்சின் ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் ஒரு நாள் என்று இன்னொரு தோராயக் கணக்கும் உண்டு. 12 முதல் 15 மில்லிமீட்டர் பூச்சுக்கு அது இரண்டு வாரம் ஆகிறது. பூச்சுக்குப் பின்னால் நிற்கும் செங்கல் சுவரும் அதே தண்ணீரைக் குடித்திருக்கிறது என்பதை அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்வதில்லை. மழை நாளில், ஜன்னல் மூடிய அறையில், எந்தக் கணக்கும் செல்லாது. ஆகவே நாளை எண்ணுவதைவிடச் சுவரைச் சோதிப்பதே எனக்கு வழக்கம்.

தடிமன் கூடக் கூட, காயும் காலம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, அதற்கும் மேலே போகும். இதனால்தான் கரண்ட் குழாயும் தண்ணீர்க் குழாயும் பதிக்கச் சுவரை வெட்டி, பிறகு கலவை வைத்து அடைத்த இடங்கள் கடைசியாகக் காய்கின்றன. உங்கள் கொப்புளங்கள் சுவிட்ச் பெட்டியிலிருந்து நேராக மேலேயோ கீழேயோ ஒரு பட்டையாகப் போகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் குற்றவாளி அந்த அடைப்பு. அவசரத்தில் மாலையில் அடைத்துவிட்டு மறுநாளே பட்டி இழுத்த சுவர்களில் இந்தக் கோட்டைப் பார்த்தே குழாய் எங்கே போகிறது என்று சொல்லிவிடலாம்.

ஈரத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வேலை செய்கிறது, காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான ஆல்கலித் தன்மை. சிமெண்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. புதுப் பூச்சின் துளைகளில் நிற்கும் நீரின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 12.5-க்கு மேல் இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு மேல்பரப்பில் அது மெல்ல மெல்லக் குறையும், அதற்கு வாரங்கள் ஆகும். அதற்குள் எண்ணெய் சார்ந்த பிரைமரோ எனாமலோ அடித்தால், காரம் அந்த எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும். சோப்புக் காய்ச்சுவதில் நடக்கும் அதே வினைதான். உரிந்த துண்டின் பின்பக்கம் பிசுபிசுப்பாக இருந்து, தண்ணீர் பட்டால் வழுக்கினால், சில இடத்தில் பழுப்பாக ஒழுகிய தடமும் இருந்தால், இதுதான் நடந்திருக்கிறது. என்ன பிரைமர் அடித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெயிண்டரிடம் கேளுங்கள், முடிந்தால் காலி டப்பாவைப் பாருங்கள். தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் வகை காரத்தைப் பெரிதும் தாங்கும். டர்பண்டைன் கலக்கும் வகை, காய்ந்து அடங்காத சிமெண்ட் சுவரில் தாங்காது. சில நிறங்களும் காரத்தில் வெளுத்துவிடும். கொப்புளம் இல்லாத இடத்தில் வண்ணம் திட்டுத்திட்டாக மாறியிருந்தால் அதுவும் ஒரு தடயம்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். செங்கல், மணல், கலவைக்கும் நனைப்புக்கும் பயன்படுத்திய தண்ணீர், ஏன், சிமெண்டிலேயே கொஞ்சம் இருக்கிறது. சுவருக்குள் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. தண்ணீர் அதைக் கரைத்து மேற்பரப்புக்கு எடுத்துவந்து, தான் மட்டும் ஆவியாகிப் போய்விடுகிறது. வெறும் சுவரானால் உப்பு வெளியே பூத்து நிற்கும், துடைப்பத்தால் தட்டிவிடலாம். பெயிண்ட் தோல் குறுக்கே இருந்தால் அதற்குப் பின்னாலேயே படிகமாகி வளரும். படிகம் வளரும் அழுத்தம் பூச்சையே பொரிய வைக்கும், பெயிண்ட் எம்மாத்திரம். இடுப்புக்குக் கீழே மட்டும் என்று நீங்கள் குறிப்பிட்டதால்தான் இதை இவ்வளவு நீட்டுகிறேன். அந்த உயரத்துக்கு மூன்று காரணம் இருக்கலாம். அடிமண்ணிலிருந்து ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறுகிறது என்றால் கொப்புளம் நிற்கும் எல்லை ஓரளவு கிடைமட்டமாக, அலை வரைந்த கோடாக இருக்கும், அந்தக் கோட்டில்தான் உப்பு அதிகம் பூக்கும். பின்பக்கம் குளியலறையோ சமையலறைத் தொட்டியோ இருந்து குழாய் இணைப்பு கசிகிறது என்றால், ஒரு மையம் இருக்கும், அங்கே கறுத்து, தள்ளிப்போகப் போக மங்கும். மூன்றாவது சாதாரணமானது: நனைத்த தண்ணீர் சுவர் வழியே கீழே இறங்கித் தரையோரம் தேங்கியதால் அடிப்பாகம் கடைசியாகக் காய்கிறது. உங்கள் விவரத்தை வைத்து மூன்றாவதையோ முதலாவதையோதான் சந்தேகிக்கிறேன். ஆனால் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் இதைத் தீர்ப்பாகச் சொல்ல முடியாது.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. உரிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே சில வாரம் திறந்து வையுங்கள். கட்டும்போது குடித்த தண்ணீர் என்றால் நாளுக்கு நாள் வெளுக்கும், பிறகு திரும்பி வராது. ஓதமோ கசிவோ என்றால் வெளுத்த மாதிரி இருந்து, மழை பெய்தாலோ குழாய் அதிகம் ஓடினாலோ மறுபடி கறுக்கும். புதுக் கட்டடத்தில் ஓதத்தடுப்பு அடுக்குப் போட்டிருக்கிறோமே என்று சிலர் வாதாடுவார்கள். அடுக்கு ஒழுங்காகவே இருந்தாலும், வெளிப்பூச்சை அதற்கும் கீழே மண்வரை இழுத்திருந்தால் ஈரம் அந்தப் பூச்சு வழியாகவே அடுக்கைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிவிடும். வெளிப்பக்கம் மண் குவித்தோ, செடித்தொட்டி கட்டியோ, தளம் உயர்த்தியோ இருந்தாலும் அதே கதைதான். ஒரு நடை வெளியே போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் ஈரத்தையே திட்டுவதில் இது தப்பித்துவிடுகிறது. பட்டி பார்ப்பது சுவரின் நுண்ணிய குண்டுகுழியை அடைக்க. கோணலான பூச்சை நேராக்க அல்ல. கோட்டுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போனாலே வெள்ளை சிமெண்ட் பட்டி வெடிக்கவோ பெயரவோ வாய்ப்பு அதிகம். அந்த வகைப் பட்டியும் சிமெண்ட்தான், அதற்கும் இறுகத் தண்ணீர் வேண்டும். சுட்டுக்காய்ந்த சுவரில் நனைக்காமல் இழுத்தால் சுவர் அதன் தண்ணீரை உறிஞ்சிவிடும், பட்டி இறுகாமல் மாவாகவே நின்றுவிடும். பார்வைக்கு வெள்ளையாக அழகாகத்தான் இருக்கும். உள்ளங்கையால் அழுத்தித் தடவினால் கை வெளுக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சுவர் ஈரத்தால் கெடவில்லை, ஈரம் போதாமல் கெட்டது. அக்ரிலிக் பட்டி இதற்கு நேர்மாறு. அதற்கு நனைப்பு தேவையில்லை. ஆனால் ஈரம் தங்கும் சுவரில் போட்டால் மறுபடி இளகிவிடும், கொப்புளத்தை அழுத்தினால் பசை போல நெகிழும். ஈரச் சந்தேகம் உள்ள அடிச்சுவரில் அக்ரிலிக் பட்டியை நான் அனுமதிப்பதே இல்லை.

சிமெண்ட் பூச்சாக இல்லாமல் ஜிப்சம் பூச்சாக இருந்தால் மேலே சொன்ன காரத்துக்கும் நனைப்புக்கும் அங்கே இடமில்லை. ஜிப்சம் கிட்டத்தட்ட நடுநிலையானது, தண்ணீர் விட்டு நனைக்கவும் கூடாது. அங்கே பெயிண்ட் உரிவதற்கு வழக்கமான காரணம் இரண்டு: கரும்திட்டு மறைந்து முழுக்க ஒரே வெளிர்நிறம் ஆவதற்குள் அடித்தது, அல்லது கரண்டியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் கெட்டியான பெயிண்டை நேராக ஏற்றியது. மிக உறிஞ்சும் பரப்பில் கெட்டி கோட் உள்ளே இறங்காமல் மேலேயே காய்ந்து தோலாகிவிடும், பிறகு ஒரு முனை கிடைத்தால் அறை முழுக்க உரித்துவிடலாம். முதல் கோட்டாகச் சாதாரண மேட் எமல்ஷனில் தண்ணீர் தாராளமாகக் கலந்து சுவர் குடிக்கும்படி அடிப்பதுதான் இதற்கு மருந்து. பளபளப்பு ரகத்தை முதல் கோட்டாக வைக்கக் கூடாது. வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து பிரைமராக அடிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். பசை ஒரு படலமாக மேலே நிற்கும், ஈரம் பட்டால் அதுவே இளகும்.

சோதனைகளில் எனக்குப் பிடித்தது செலவே இல்லாதது. சுமார் 45 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் கெட்டியான தெளிந்த பிளாஸ்டிக் தாளை வெட்டி, பெயிண்ட் இல்லாத இடத்தில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். கான்கிரீட்டுக்கென்றே அமெரிக்கத் தர அமைப்பு எழுதிவைத்த முறை இது, பூச்சுக்கும் நன்றாகவே பயன்படுகிறது. எடுக்கும்போது தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தாலோ, சுவர் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருந்தாலோ பெயிண்ட் அடிக்கும் பேச்சே வேண்டாம். ஒரே இடத்தில் செய்யாமல் தரையோரம் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று, குழாய் அடைத்த இடத்தில் ஒன்று என்று செய்யுங்கள். தாள் வறண்டிருந்தாலும் நான் அதை முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன், குளிர்ந்த நாளில் உள்ளீரம் வெளியே வராமல் அது ஏமாற்றக்கூடும். ஊசி வைத்த ஈரமானி பலரிடம் இருக்கிறது. அது மரத்துக்கு அளவு குறித்த கருவியாக இருந்தால் பூச்சில் வரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, உப்பு இருந்தால் காய்ந்த சுவரையும் ஈரம் என்று காட்டும். அறைக்குள்ளேயே நல்ல உள்சுவரில் ஒரு எண், கெட்ட சுவரில் ஒரு எண் எடுத்து ஒப்பிடுவதற்கு மட்டும் அது நல்லது. மேலே உள்ள பெயிண்ட் பிடித்திருக்கிறதா என்று பார்க்க, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டம் கீறி, நல்ல ஒட்டுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பகுதியும் போக வேண்டியதுதான்.

சரிசெய்வதற்கு வருவோம். ஸ்கிராப்பரைக் கொப்புளத்தில் வைத்துத் தொடங்கி, அதன் முனை பெயிண்டுக்கு அடியில் நுழையாத இடம் வரை போங்கள். அங்கே டேப் சோதனை செய்து, தேறினால் நிறுத்துங்கள். தேறாவிட்டால் மனம் இரங்காமல் மேலே போங்கள். சுவர் முழுக்கச் சுரண்ட வேண்டுமா என்ற கேள்விக்கு இதுதான் பதில், டேப் எங்கே நிறுத்தச் சொல்கிறதோ அதுவரை. மூக்குக்கு முகமூடி கட்டாயம், இந்தத் தூசியில் சிலிக்காவும் இருக்கும். உப்பை உலர்ந்த முரட்டு பிரஷால் தட்டி, கீழே விழுந்ததைக் கூட்டி வெளியே எடுத்துவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து வந்த வழியே உள்ளே போய்விடும். ஒரு வாரம் கழித்து மறுபடி பூக்கும், மறுபடி தட்டுங்கள். பூப்பது நிற்கும்வரை இது தொடரும். ஆசிட் வைத்துக் கழுவச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உள்சுவரில் நான் அதைச் செய்வதில்லை, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சிமெண்டோடு சேர்ந்து புதிதாகக் கரையும் உப்பைத்தான் உண்டாக்கும். இடையில் பூச்சைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக, உள்ளே வெற்றிடம் இருப்பது போல, சத்தம் வரும் இடத்தில் பூச்சு சுவரை விட்டுவிட்டது. அதைச் சதுரமாக வெட்டி எடுத்து, சுவரை நனைத்து, புதிதாகப் பூசி, மறுபடி 7 நாள் நனைத்து, மறுபடி காயவிட வேண்டும். ஆணியால் கீறினால் மேலே ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் மாவாக உதிர்ந்து, அடியில் கெட்டியாக இருந்தால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். உதிர்வதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஊடுருவும் பிரைமர் கொடுத்தால் போதும்.

காய வைக்கும் காலத்தில் ஜன்னலை எதிரெதிராகத் திறந்து, மின்விசிறியைச் சுவரோரமாகக் காற்று போகும்படி வையுங்கள். ஹீட்டரையோ பெரிய விளக்கையோ சுவரின் முகத்தில் வைத்துக் காய்ச்சாதீர்கள். மேல்தோல் காய்ந்த மாதிரி காட்டும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் பெயிண்ட் வேலை வேண்டாம்.

காய்ந்து தேறிய சுவரில் முதலில் தூசியை வாக்குவம் வைத்தோ உலர்ந்த பிரஷ் வைத்தோ எடுங்கள், கடைசியாக நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு. தண்ணீரைத் தொட்டுச் சுவரில் தெளித்துப் பாருங்கள். உடனே குடித்தால் பிரைமரை டப்பாவில் சொன்ன உச்ச அளவுக்குத் தண்ணீர் கலந்து அடிக்கலாம். துளி நின்று வழிந்தால் அந்த இடம் மழமழப்பு, உப்புத்தாள் போட்டுக் கரகரப்பாக்குங்கள். பிரைமர் காரம் தாங்கும், தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்காக இருக்கட்டும். முதல் கோட்டை ரோலரால் உருட்டாமல் பிரஷால் தேய்த்து ஏற்றினால் துளைகளுக்குள் இறங்கும். பழைய பெயிண்டின் ஓரத்தைத் தேய்த்துச் சரிவாக்கி, மெல்லிய சிமெண்ட் பட்டி இரண்டு கோட், ஒவ்வொன்றும் இறுகிய பிறகு அடுத்தது. தேய்த்து, தூசி எடுத்து, மறுபடி பிரைமர். இந்த இரண்டாவது பிரைமரைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள், பட்டியில் பெயிண்ட் பிடிப்பதே அதனால்தான். முதல் ஒரு வருடத்துக்கு மேட் ரக எமல்ஷன் போதும். பளபளப்பு ரகத்தைவிட அதன் வழியே நீராவி சுலபமாக வெளியேறும், சுவரில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச ஈரமும் தோலைத் தள்ளாமல் போய்விடும். பீரோவை அந்தச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் யோசனையை முழுக்கத் தள்ளவில்லை, இடம் தவறு என்கிறேன். மழை படும் வெளிச்சுவரின் வெளிமுகத்தில், விரிசலை அடைத்து, காய்ந்த பரப்பில் அடித்தால் அது பெரிய உதவி. ஈரமான சுவரின் உள்முகத்தில் அடித்தால் தண்ணீர் வெளியேறும் வாசலை மூடியதாகும். அது கோட்டிங் முடியும் எல்லைக்கு மேலே ஏறி அங்கே பொரியும், அல்லது பக்கத்துச் சுவருக்குப் போகும். உள்பக்கத்திலிருந்தே நீர் அழுத்தத்தைத் தாங்கும் சிமெண்ட் வகைப் பூச்சுகள் இருக்கின்றன, நிலவறைகளுக்குப் பயன்படுகின்றன. அவற்றைக்கூட வெறும் சுவரில்தான் போட வேண்டும், பெயிண்ட் மேல் போட்டால் பெயிண்டோடு உரியும்.

யார் மேல் தவறு என்று கேட்டிருக்கிறீர்கள், அதை நழுவ விடவில்லை. காயாத சுவரில் வேலை தொடங்கியது பெயிண்டரின் பொறுப்புதான். சுவரைச் சோதித்துவிட்டு முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் குடிபோகும் தேதியைக் குறித்துவிட்டு அவரை நெருக்கியவர் யார் என்பதும் உங்கள் வீட்டில் தெரிந்திருக்கும். தூசியும் இறுகாத பட்டியும் காரணம் என்றால் முழுக்க அவர் கணக்கு. மணலோடு பெயர்ந்தால், பொள்ளல் சத்தம் வந்தால் கொத்தனார் கணக்கு. ஓதமென்றால் இருவருமே அல்ல, அடித்தளமும் வெளிப்புற மட்டமும் பார்த்தவர் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்து, தாள் சோதனையும் தேறிய பிறகு, அதே இடத்தில் அடுத்த மழைக்குள் மறுபடி கொப்புளம் வந்தால் பெயிண்டரை அழைக்காதீர்கள். பக்கத்தில் குழாய் போகிறது என்றால் பிளம்பரை அழைத்து, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் முள் நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழாய்க் கசிவு மீட்டரில் தெரியாது, அதற்கு அந்த அறையைச் சில நாள் பயன்படுத்தாமல் விட்டுச் சுவர் வெளுக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.